தாங்காதது மீனல்ல

"நியானா? அது தாங்காது சார். முதல்ல ரெண்டு எடுத்துட்டுப் போய் விட்டுப் பாருங்க. நின்னுச்சுன்னா மிச்சத்தை அப்புறம் வாங்கிக்கலாம்."

சென்னையில் வண்ண மீன் வாங்கப் போகும் எவருக்கும் இந்த அறிவுரை இலவசமாகக் கிடைக்கும். கடைக்காரர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் கோல்ட் ஃபிஷ் வாங்க நிற்பவர் சொல்வார், வீட்டுக்கு வந்தால் மச்சான் சொல்வார், மாடி வீட்டு அக்கா சொல்வார். நல்ல எண்ணத்தோடு சொல்லப்படுவதால் இதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. காசு வீணாகக் கூடாது என்று குறைவாக வாங்கச் சொல்கிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது?

நான் போடுகிறேன். நியான் டெட்ரா தாங்காது என்பது தவறு. ரெண்டு வாங்கி விட்டுப் பார் என்பது அதைவிடப் பெரிய தவறு. பத்துப் பேர் சேர்ந்தால் மட்டுமே வாழத் தெரிந்த உயிரை ரெண்டாகப் பிரித்து, இன்னும் நீரே பழகாத தொட்டியில் இறக்கிவிட்டு, அது செத்ததும் 'பார்த்தாயா, தாங்கவில்லை' என்பதைச் சோதனை என்று எப்படி ஒப்புக்கொள்வது? முடிவை முன்பே எழுதி வைத்துவிட்டு நடத்தும் விசாரணை அது.

தாங்காத மீனின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். மேற்கு அமேசானில், இன்றைய பெரு, கொலம்பியா, பிரேசில் எல்லைகள் சந்திக்கும் வட்டாரத்தின் ஓடைகளில் வாழும் மீன் இது. 1930களின் நடுவில் ஒகுஸ்த் ரபோ என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே இதைப் பிடித்தார். அங்கிருந்து பாரிஸ், பிறகு ஜெர்மனி. 1936இல் ஜார்ஜ் மயர்ஸ் என்ற மீனியலாளர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். ஃபிலடெல்ஃபியாவில் மீன் வளர்ப்புப் பத்திரிகை நடத்திய வில்லியம் இன்னஸைக் கௌரவிக்க வைத்த 'இன்னெஸி' இன்றும் அதன் பெயரில் இருக்கிறது. அதே ஆண்டு ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலில் ஐந்து நியான்கள் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா போயின. ஒன்றே ஒன்று பிழைத்து சிகாகோவின் ஷெட் மீன்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கு 'லோன்லி லிண்டி' என்று பெயர் வைத்தார்கள். லிண்டி என்பது அட்லாண்டிக்கைத் தனியாளாகப் பறந்து கடந்த லிண்ட்பெர்குக்கு அமெரிக்கர்கள் வைத்திருந்த செல்லப்பெயர்.

ஐந்தில் நான்கு செத்ததே, அப்போதே தாங்கவில்லையே என்று எதிர்க்கட்சி கேட்கலாம். அன்றைக்குப் பேட்டரி ஏர் பம்ப் கிடையாது, ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பை கிடையாது. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன் கண்டம் விட்டுக் கண்டம் போய் உயிரோடு இறங்கியிருக்கிறது. நமக்கு அதைக் கொளத்தூர் மீன் கடையிலிருந்து பக்கத்துப் பெரம்பூருக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் காப்பாற்ற முடியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

முதலில் அந்த ரெண்டு என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம்.

நம் ஊரில் எதையும் ஜோடியாக வாங்குவது மரபு. காதல் பறவை ஜோடி, புறா ஜோடி, முயல் ஜோடி. ஜோடி என்றால் துணை இருக்கிறது, தனிமை இல்லை என்று மனம் நிம்மதியாகிறது. அந்தக் கணக்கு நியானிடம் செல்லாது. ஓடையில் அதைத் தின்ன எல்லாத் திசையிலும் வாய்கள் காத்திருக்கின்றன. அதனிடம் முள் இல்லை, விஷம் இல்லை, வேகமும் பெரிதாக இல்லை. அதனிடம் இருக்கும் ஒரே ஆயுதம் கூட்டம். பல கண்கள் பார்ப்பதால் ஆபத்து சீக்கிரம் தெரிகிறது. ஒரே மாதிரி மின்னும் உடல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும்போது வேட்டையாடும் மீனுக்கு எதைக் குறிவைப்பது என்று கண் தடுமாறுகிறது. ஹாமில்டன் என்ற உயிரியலாளர் 1971இல் இதில் இன்னொரு சங்கதியையும் சொன்னார்: கூட்டத்தில் ஒவ்வொரு விலங்கும் தனக்கும் ஆபத்துக்கும் நடுவில் இன்னொரு உடல் இருக்கட்டும் என்றே நெருங்குகிறது. ஒற்றுமை, பாசம் என்றெல்லாம் நாம் உருகுவது நம் பாடு. மீனுக்கு அது மறைந்துகொள்ளும் சுவர்.

அந்தச் சுவரைப் பிடுங்கிவிட்டு ரெண்டே ரெண்டை விட்டால் என்ன நடக்கும் என்று பார்க்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம், யார் வீட்டு வரவேற்பறையும் போதும். ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். இன்னொன்று அடித்தளத்து மூலையில். கதவைச் சாத்தினால் அம்பு மாதிரி பாய்ந்து கண்ணாடியில் மோதும். தீனி மேலே மிதக்கும், வந்து எடுக்காது. நாம் இரக்கப்பட்டு இன்னும் ஒரு சிட்டிகை போடுவோம், அது அடியில் போய் அழுகும். நிறம் மங்கும். பயந்த உயிருக்கு நோய் எதிர்ப்பும் குறையும். வெள்ளைப்புள்ளி வரும். தாங்கவில்லை!

ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. 2010இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் நியான் உட்பட வீட்டுத் தொட்டிகளில் சாதாரணமாக வளரும் நான்கு வகை மீன்களை ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று வெவ்வேறு எண்ணிக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கூட்டமாக வாழும் வகைகளுக்கு எண்ணிக்கை கூடக்கூட நல்லது, பத்துக்குக் குறையாமல் வைப்பது உத்தமம் என்ற பக்கமே அந்த ஆய்வு சாய்ந்தது. நம் கடைகளில் 'கூட்டமா வைக்கணும்' என்று கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் எண் ஆறு. ஆறும் எனக்குச் சம்மதமில்லை. ஆறு வாங்கினால் ஒரு மாதத்தில் நாலாகும். நாலு என்பது கூட்டமல்ல, மிச்சம்.

'பத்து மீனா? அவ்வளவு பெரிய தொட்டி எங்கே வைப்பது?' இது அடுத்த கேள்வி. சின்ன மீனுக்குச் சின்னப் பாத்திரம் என்ற கணக்கும் இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். டீப்பாய் மேல் வைக்கும் உருண்டைக் கண்ணாடி பவுலில் நாலோ ஐந்தோ லிட்டர். இரண்டுக்கும் இடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நீரில் பத்து மடங்கு வித்தியாசம். நீர் குறையக் குறைய அதைச் சமாளிக்க அனுபவம் அதிகம் வேண்டும். சமையல் தெரியாதவனிடம் சின்னக் கரண்டியில் தாளிக்கக் கொடுப்பது மாதிரி: திரும்பிப் பார்ப்பதற்குள் கருகிவிடும். புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பவுல் விற்பதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய அநியாயம் என்பேன்.

இனி, வாங்கி விட்ட மூன்றாம் நாளே மீன் மிதக்கும் அந்த வழக்கமான மரணம்.

நான் முதன்முதலில் நியான் வாங்கியபோது எட்டு வாங்கினேன். எண்ணிக்கையில் பெரிய தப்புச் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் தொட்டியும் அன்றுதான் வாங்கினேன். கண்ணாடியைத் துடைத்து, கூழாங்கல்லை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவி, போர்வெல் தண்ணீர் நிரப்பி, ஆன்டி குளோரின் சொட்டுகளை விட்டு, ஏர் பம்பைப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மீனை விட்டேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஞாயிறு விட்டது. செவ்வாய் இரவு இரண்டு மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. புதன் காலை மூன்று மிதந்தன. வெள்ளிக்கிழமை ஒன்று மிச்சம். அதுவும் ஞாயிறு வரை நிற்கவில்லை. கடையைத் திட்டினேன், மீனைத் திட்டினேன், போர்வெல்லைத் திட்டினேன். என்ன நடந்தது என்று விளங்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். பழகிய தொட்டியில் ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது ஓரளவு பொறுத்துக்கொள்ளக் கூடியது. இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும் படலமாக ஒட்டிக் குடியேற நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும். நான் கொடுத்தது ஒரு மணி நேரம்.

அதிலும் நம் ஊர்த் தண்ணீர் ஒரு தனி வேலை செய்கிறது. அம்மோனியா நீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அயனி வடிவம், அவ்வளவு கெடுதல் இல்லை. இன்னொன்று செவுளைத் துளைத்துப் போகும் நஞ்சு. 25 டிகிரி வெப்பத்தில் pH 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் 0.6 சதவீதம்தான் நஞ்சு வடிவில் இருக்கும். அதே வெப்பத்தில் pH 8 என்றால் 5.4 சதவீதம். ஏறத்தாழ பத்து மடங்கு. தண்ணீர் 30 டிகிரிக்குச் சூடானால் இன்னும் ஏறி ஏழு சதவீதத்தைத் தாண்டும். சென்னையின் பல வீடுகளில் போர்வெல் தண்ணீர் pH 8ஐ ஒட்டியே இருக்கிறது. ஆக அதே மீன், அதே தீனி, அதே கழிவு, பத்து மடங்கு விஷம். மூன்றாம் நாள் மிதந்ததற்குக் காரணம் பலவீனம் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் நமக்கு?

இதற்கு மருந்து விலை அதிகமான எதுவும் இல்லை, பொறுமை மட்டும். தொட்டியை நிரப்பி, ஃபில்டரை ஓட விட்டு, மீனே இல்லாமல் தினம் ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு அழுக விடுங்கள். ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம் அம்மோனியம் குளோரைடுதான், அதைக் கரைத்து விடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேதியியல்படி சரி, ஆனால் கடையில் கிடைப்பதில் வேறு என்ன கலந்திருக்கும் என்ற பயத்தால் நான் தீனியோடு நிறுத்திக்கொள்வேன். பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருடைய அழுக்கு ஸ்பாஞ்சில் பாதியைக் கேட்டு வாங்குங்கள். இதைவிட நல்ல சீர் கிடையாது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனைக் கிட்டில் பூஜ்யம் காட்டும் நாளில் மீன் வாங்கப் போங்கள். மொத்தக் கூட்டத்தையும் ஒரே நாளில் விட்டால் பாக்டீரியா திணறாதா என்றால், தினம் தீனி போட்டுப் பழக்கிய தொட்டி திணறாது. முதல் வாரம் தீனியில் கஞ்சத்தனம் காட்டினால் போதும்.

பழகிய தொட்டியையும் விட்டுவைப்பதில்லை நாம். தீபாவளிக்கு முன்னால் வீடு ஒட்டடை அடிக்கிற கையோடு தொட்டியையும் கவிழ்த்துவிடுவோம். மீனைப் பக்கெட்டில் போட்டு, கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் கசக்கிப் பிழிந்து, முழுசாகப் புதுத் தண்ணீர். ஒரு வருடம் சேர்ந்த பாக்டீரியா சாக்கடையில் போய்விடும். நரகாசுரனுக்கு முந்தின நாளே தொட்டியில் கதை முடிந்திருக்கும். வாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றுவதும், எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை லேசாக அலசுவதும் போதும். கண்ணாடியில் கொஞ்சம் பாசி இருந்தால் விருந்தாளி முகம் சுளிப்பார், மீன் சுளிக்காது.

எதிர்த்திசையில் இருந்து வரும் ஒரு கூட்டமும் உண்டு. அவர்களையும் விட்டுவிட முடியாது. நியானுக்கு ஆர்ஓ தண்ணீர்தான், pH ஆறைத் தாண்டக் கூடாது, பாதாம் இலை போட்டுத் தேநீர் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் வளர்க்காதே என்பது அவர்கள் கட்சி. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கடையில் நீங்கள் வாங்கும் நியான் அமேசானைக் கண்டதே இல்லை. பெரும்பாலும் ஆசியப் பண்ணைகளில் பிறந்தது, கைக்குக் கை மாறி வரும்போதே பலவகைத் தண்ணீரைப் பார்த்துவிட்டது. முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க வேண்டுமானால் மென்னீர் அவசியம், மறுக்கவில்லை. வாழ்வதற்கு அவ்வளவு வேண்டாம். உப்புக் கரிக்கும் போர்வெல் என்றால் பாதிக்குப் பாதி ஆர்ஓ கலக்கலாம். வெறும் ஆர்ஓ தண்ணீரில் pHஐத் தாங்கிப் பிடிக்கும் தாது இருக்காது, ஒரு இரவில் சரிந்துவிடும். இன்றைக்கு 6, நாளைக்கு 7.5 என்று ஆட்டி வைப்பதைவிட நிலையான 7.5 மேல். தெருவோரத்து நாட்டு வாதுமை மரத்தின் சருகை ஒன்று கழுவிப் போடுங்கள், கெடுதல் இல்லை, மீனின் நிறமும் எடுப்பாகத் தெரியும். அதை வேதமாக்காதீர்கள்.

நிறம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு நாள் விடியற்காலையில் உறவுக்காரத் தம்பி போன் செய்தான். "அண்ணே, எல்லாம் ஒரே ராத்திரியில வெளுத்துப் போச்சுண்ணே. கோடே தெரியல. மெத்திலீன் ப்ளூ ஊத்தட்டுமா?" லைட் போட்டு எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டேன். இப்பத்தான் என்றான். அரை மணி நேரம் சும்மா இரு என்றேன். இருபது நிமிடத்தில் அவனே திரும்பக் கூப்பிட்டுச் சிரித்தான். நியானின் நீலக்கோடு சாயம் அல்ல. தோல் செல்களுக்குள் அடுக்கடுக்காக நிற்கும் குவானின் படிகத் தகடுகளில் ஒளி பட்டுத் திரும்பும் வித்தை. இருட்டில் அந்தக் கோடு மங்கி ஊதாவாகிப் போகும், வெளிச்சம் வந்ததும் கொஞ்ச நேரத்தில் மீளும். ஒவ்வொரு இரவும் நடப்பது இது. இதை நோய் என்று நினைத்து மருந்தை ஊற்றி, அந்த மருந்தால் ஃபில்டர் பாக்டீரியாவும் அடிபட்டு, அதனால் மீன் செத்து, கடைசியில் பழி மறுபடியும் நியான் தலையில்.

நிஜமான நோய் இல்லை என்று சொல்லவரவில்லை. மீனின் பெயரையே தாங்கிய நியான் டெட்ரா நோய் உண்டு. ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி தசைக்குள் புகுந்து வெண்திட்டாக அரித்துக்கொண்டே போகும், முதுகு வளையும், கூட்டத்தைவிட்டு அந்த மீன் தனியே நீந்தத் தொடங்கும். நம்பத்தகுந்த மருந்து இல்லை. அப்படிப்பட்டதைக் கண்டால் உடனே பிரித்துவிட வேண்டும், செத்ததை மற்றவை கொத்த விடக் கூடாது. இதற்கும் கூட்டம்தான் உதவுகிறது என்பதைக் கவனியுங்கள். பன்னிரண்டு மீன் சேர்ந்து போகும்போது ஒன்று பிரிந்து நின்றால் கண்ணில் படும். ரெண்டு மீன் வைத்திருப்பவருக்கு எது பிரிந்தது என்று எப்படித் தெரியும்? வாங்கும்போதும் அதே விதி. கடைத்தொட்டியில் ஒன்று செத்துக் கிடந்தாலும் மற்றவற்றை வாங்காமல் திரும்பி வாருங்கள். நேற்று இறங்கிய சரக்கையும் தொடாதீர்கள், ஒரு வாரம் கடைத்தொட்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். கடைக்காரர் கோபிக்க மாட்டார். பத்தாக வாங்குகிறவரை யார் கோபிப்பார்கள்?

ஒரே ஒரு இடத்தில் மட்டும் எதிர்க்கட்சி சொல்வதில் சாரம் இருக்கிறது. வெயில். நியானுக்கு ஏற்றது 20 முதல் 26 டிகிரி. மே மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழ் இருக்கும் அறையில் தொட்டி நீர் 32ஐத் தொடும். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும் ஆக்சிஜன், 32இல் 7.3க்கு இறங்கிவிடும். மூச்சுக்குத் தேவை ஏறும்போது மூச்சுக்காற்று குறைகிறது. மூடியைத் திறந்து வைத்து, நீர்மட்டத்தைத் தடவும்படி ஒரு சின்ன ஃபேனைத் திருப்பினால் ஆவியாகி இரண்டு டிகிரியாவது இறங்கும். மீன் துள்ளி வெளியே விழாமல் வலை போட வேண்டும். மின்வெட்டுக்குப் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று. இவ்வளவும் முடியாத வீடு என்றால் நியான் வேண்டாம், அதன் சித்தப்பா பிள்ளை கார்டினலை வாங்குங்கள். ரியோ நீக்ரோவின் சூடான கறுப்பு நீரில் பிறந்த இனம், 28ஐயும் அதற்குக் கொஞ்சம் மேலும் சிரமமில்லாமல் பொறுக்கும். வயிறு முழுக்கச் சிவப்பு ஓடும், பார்க்கவும் ஒருபடி மேல். அதற்கும் கூட்டம் வேண்டும், பழகிய தண்ணீர் வேண்டும்.

'இந்த வெயிலுக்கு இந்த மீன் ஒத்துவராது' என்று சொன்னால் எனக்கு வழக்கே இல்லை. அது இடத்தைப் பற்றிய பேச்சு. 'தாங்காது' என்பது மீனைப் பற்றிய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் எல்லோருக்கும் சௌகரியம் இருக்கிறது என்பதால்தான் இத்தனை வருடம் நிற்கிறது. விற்றவர் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, வாங்கியவர் வருத்தப்பட வேண்டியதில்லை. மறுபடி ரெண்டு வாங்கலாம், மறுபடி சாகலாம். கூட்டிப் பார்த்தால் அந்த ரெண்டு ரெண்டுகளே ஒரு பெரிய கூட்டத்துக்கு ஆகியிருக்கும். நல்லபடி வைத்த தொட்டியில் நியான் ஐந்து வருடம் வாழும். ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரும்போது வாங்கினால், அது ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போதும் இருக்கக்கூடிய மீன்.

போன மாதம் மச்சான் வந்திருந்தார், முதலில் எனக்கு 'ரெண்டு போதும்' என்று சொன்ன அதே மச்சான். காபி டம்ளரோடு தொட்டி முன் உட்கார்ந்தார். "எத்தனை இருக்கு?" என்றார். நீங்களே எண்ணுங்க என்றேன். விரல் வைத்து எண்ணினார். பதினாலு. இல்லை, பதினாறு. பாறைக்குப் பின்னால் போய்த் திரும்பின, மறுபடி முதலிலிருந்து. பதிமூணு. "நிக்க மாட்டேங்குதுய்யா" என்றார். காபி ஆறிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்.